வூஹானில் பார்த்த நான்கு கொக்கிகள்

போன மாதம் நிரோஷன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். நான் வேலை பார்த்த பரிசோதனை நிறுவனத்தில் எனக்குப் பிறகு என் மேசைக்கு வந்தவன். நாற்பதை எட்டப்போகிறான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். என்றாலும் எனக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் பயந்துதான் பேசுவான்.

"அண்ணை, இனி ஒருத்தரும் சீனாவுக்குப் பறக்கத் தேவையில்லை. ஃபெக்டரிக்காரர் போனைப் பிடிச்சுக் காட்டுவினம், நாங்கள் இஞ்ச இருந்து பாத்துக் கையெழுத்து வைக்கலாம். புதுசா வந்த பிள்ளையளுக்கு அந்தக் காலத்தைப் பற்றி ஒண்டும் தெரியாது. நீங்கள் வூஹானுக்குப் போன கதையளை எழுதித் தாங்கோவன். சிரிப்பான கதையளா இருந்தால் நல்லது."

சிரிப்பான கதை இரண்டு இருக்கிறது. அவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வூஹானுக்கு முதல்முறை போனபோது, மாட்டிறைச்சி வேண்டாம் என்று சொல்வதற்காகச் சாப்பாட்டுக் கடையில் ஒரு மாட்டை வரைந்து குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். கோட்டைக் கத்தி என்று எடுத்துக்கொண்டார்கள். நறுக்கிய மாட்டிறைச்சி ஒரு தட்டு நிறைய வந்தது. இரண்டாவது கதை வெயில். "நான் யாழ்ப்பாணத்தான், எனக்கு வெயிலைச் சொல்லித் தரப்போகிறீர்களா" என்று பட்டறைக்காரர்களிடம் பெருமையடித்துவிட்டு உலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு மணித்தியாலத்தில் மயங்கி விழுந்தேன். நான்கு பேர் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றங்கரை நிழலில் கிடத்தி, தர்பூசணி வெட்டித் தந்தார்கள். அவ்வளவுதான் சிரிப்பு. மிச்சத்தை நிரோஷன் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுப்பானோ இல்லையோ எனக்குத் தெரியாது.

லண்டனுக்கு வந்த கதை எல்லாரும் வந்த கதைதான். அகதி விண்ணப்பம், ஸ்ட்ரெதத்தில் ஒரே அறையில் ஐந்து பேர், பெற்றோல் நிலையத்தில் வேலை, மாலை வகுப்பில் இயந்திரவியல். ஏழாம் வருடம் ஒரு சிறிய நிறுவனத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். சங்கிலி, கம்பிக்கயிறு, கப்பி, கொக்கி என்று கிரேனில் தொங்கிப் பாரம் தூக்கும் சாமான்களைச் செய்கிற இடத்துக்கே போய்ச் சோதிப்பதுதான் எங்கள் தொழில். மனிதர்களின் தலைக்குமேல் தொங்கப்போகிற ஒன்றை யாராவது முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த யாராவதுதான் நாங்கள்.

என் மேலதிகாரி பெல்லமி. இங்கிலாந்தின் வடக்கே கப்பல் கட்டும் இடமொன்றில் தொடங்கிய மனிதர். ஒரு மூக்குக்கண்ணாடி நெற்றியிலும் இன்னொன்று மூக்கிலும் இருக்கும். அறிக்கையை நின்றபடியேதான் வாசிப்பார். கோடு போடும் மர அடிமட்டம் ஒன்றை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு வருவார். அது முடியும்வரை நானும் நிற்க வேண்டும். கடைசி வரியும் முடிந்தபின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பார். ஆனால் மூடியைக் கழற்றமாட்டார். தலையை நிமிர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"நீங்கள் பார்த்தீர்களா, உங்களுக்குக் காட்டினார்களா?"

பார்த்தேன் என்றால் மூடி கழலும், கையெழுத்து விழும். தொடக்க காலத்தில் ஒருமுறை, பேர்மிங்காம் பக்கத்துச் சங்கிலிப் பட்டறை ஒன்றைப் பற்றி, "காட்டினார்கள்" என்று உண்மையைச் சொன்னேன். ஏசவில்லை. பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டு, தன் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்து என் கையில் தந்தார். "அடுத்த ரயிலுக்குப் போங்கள். வழியில் பசிக்கும்" என்றார். அந்த மனிதரிடம் பொய் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அவர் எனக்குப் பழக்கிய முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அறுபது கொக்கிகளில் அறுபதையும் இழுத்துப் பார்க்க முடியாது. நான்கைத் தெரிவு செய்து சோதிப்போம். அந்த நான்கையும் நாங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும், தொழிற்சாலைக்காரர் எடுத்துத் தரக் கூடாது. பெட்டியின் மேல்வரிசையைத் தொடவே கூடாது, அடியிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்ததற்கு அடையாளம் வைக்க வேண்டும். பிறகு கொக்கியின் வாய் எவ்வளவு அகலம் என்று அளந்து, அது வாழ்நாளில் தூக்கப்போகிற பாரத்தைப்போல இரண்டு மடங்கை இயந்திரத்தில் ஏற்றி, சில நிமிடங்கள் பிடித்து, இறக்கி, வாயைத் திரும்ப அளக்க வேண்டும். விரிந்திருந்தால் போச்சு. விரியாவிட்டால் வெள்ளைப் பூச்சு பூசி, காந்தம் வைத்து, இரும்புத்தூள் கலந்த கறுப்பு மையை ஊற்றிப் பார்ப்போம். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் கறுப்பு மயிர் ஒன்று ஒட்டியதுபோலத் தெரியும். நான்கும் தேறினால்தான் அறுபதிலும் என் உருக்கு முத்திரையைச் சுத்தியலால் அடிப்பேன். என் இலக்கம் இருபத்தேழு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி.

தெரிவுக்கும் சோதனைக்கும் இடையில் அந்த நான்கையும் விட்டுப் போகக் கூடாது. போகத்தான் வேண்டுமென்றால் நான்கையும் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டைக்கூட ஒரு பெட்டியில் குந்தியிருந்து கொக்கிகளுக்குப் பக்கத்தில் சாப்பிடுகிறவர் பெல்லமி. நானும் அப்படித்தான் இருந்தேன், அந்த ஒரு நாளைத் தவிர.

அடையாளத்துக்கு எல்லாரும் சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போடுவார்கள். நான் என் பெயரின் முதல் எழுத்தைப் போடுவேன். என் பெயர் ஞானேந்திரன். தமிழ் தெரியாதவன் 'ஞ' எழுதட்டும் பார்ப்போம் என்பது என் திமிர். போலந்திலும் துருக்கியிலும் சீனாவிலும் இரும்பின்மேல் ஞ எழுதியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பேன்.

வூஹான் மூன்று ஊர்கள் சேர்ந்து ஒன்றான ஊர். யாங்ட்சி ஆறு நடுவால் போகிறது, ஹான் ஆறு பக்கத்தால் வந்து அதில் விழுகிறது. தேம்ஸைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த அகலம் ஒத்துக்கொள்ள நேரமெடுக்கும். மணலும் நிலக்கரியும் உருக்குத் தகடும் ஏற்றிய படகுகள் விடியவிடியப் போய்க்கொண்டிருக்கும். கரை நெடுக உலைகள். கோடையில் வயதானவர்கள் இடுப்பில் செம்மஞ்சள் நிற மிதவையைக் கட்டிக்கொண்டு அந்தப் படகுகளுக்கு நடுவில் நீந்துவார்கள். காலையில் எள்ளுக் குழைத்த சூடான நூடில்ஸை ஒரு கடதாசிக் கோப்பையில் வாங்கி, நடந்தபடியே சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். எனக்கு அந்த ஊர் பிடிக்கும். வேலையாகப் போன கடைசித் தடவைக்கு முன் ஐந்து முறை போயிருக்கிறேன்.

ஆறாவது முறை போனது பதினைந்து வருடங்களுக்கு முன், ஒரு கோடையில். கொக்கிகள் அறுபது, லண்டனில் கிரேன் சாமான் விற்கிற ஒருவருக்கு வரவேண்டியவை. தொழிற்சாலையின் தரப் பரிசோதகர் தாவோ என்ற பெண், என்னைவிட எட்டு வயது இளையவர். ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். எழுத்து அவ்வளவு அழகு. அவர் எழுதிய சோதனைத் தாள்களை, வாசிக்கத் தெரியாமலே பார்த்துக்கொண்டிருக்கலாம்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று பெட்டிகளின் அடியிலிருந்து நான்கு கொக்கிகளைத் தெரிவு செய்து ஞ போட்டேன். முதலாவதை இயந்திரத்தில் ஏற்றப் போகும்போது மின்சாரம் நின்றது. கோடையில் ஊர் முழுக்கக் குளிரூட்டி ஓடுவதால் தொழிற்சாலைகளுக்கு முறைவைத்து மின்சாரம் விடுவார்கள். தொழிற்சாலை மனேஜர் வந்து, இனி வியாழக்கிழமை காலை ஏழு முதல் நண்பகல் வரை இருக்கும், அதற்குப் பிறகு திங்கட்கிழமைதான் என்றார்.

ஈயக் கம்பி ஆற்றுக்கு அக்கரையில், ஹோட்டலில் என் பெட்டிக்குள் இருந்தது. படகில் போய்வர ஒன்றரை மணித்தியாலம். சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது, கால் வீங்கியிருந்தது. நான்கு எழுத்துகளையும் பார்த்தேன். யார் இதை எழுதிவிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டேன்.

அன்று மாலை என் மனைவி சாந்தி லண்டனிலிருந்து போன் எடுத்தாள். சனிக்கிழமை எங்கள் மகள் அபியின் அரங்கேற்றம். அரங்கேற்றம் என்றால் லண்டனில் என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரெய்னர்ஸ் லேனுக்குக் கிட்ட மண்டபம் ஒரு வருடத்துக்கு முன்பே எடுத்தாயிற்று, மிருதங்கக்காரர் சென்னையிலிருந்து வந்திறங்கிவிட்டார், நானூறு பேருக்கு அழைப்பு.

"இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமை பிளைட் நிச்சயம்தானே? நீங்கள் வாசல்ல நிக்கேல்லை எண்டால் நான் சனத்துக்கு என்ன முகத்தோட பதில் சொல்லுறது? வேலை வேலை எண்டு எல்லாத்தையும் கெடுத்துப்போடாதேங்கோ."

"வாறன், வாறன். நாளைக்கு மத்தியானத்தோட முடிஞ்சிடும்."

அபி போனைப் பறித்தாள். "அப்பா, நீங்க வருவீங்கதானே? யூ ப்ராமிஸ்ட்."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குப் போனேன். நான்கு கொக்கிகளும் மேசையில் வரிசையாக இருந்தன. நான்கிலும் ஞ இருந்தது. அருமையான ஞ. சுழி வட்டமாக, வால் அளவாக இறங்கி, நான்கும் ஒன்றைப்போல ஒன்று. என் ஞ அப்படி இராது. நான் அவசரத்தில் எழுதுகிறவன், சுழி நசுங்கிப்போகும், வால் எங்கேயோ இழுபட்டுப்போகும். இதை எழுதிய கை சித்திரம் கீறுகிற கை. தாவோ மேசைக்கு அந்தப் பக்கம் தாள்களை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். அவருடைய நீலச் சட்டையின் கைமடிப்பில் சுண்ணத்தூள் இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் விளங்கிவிட்டது. நான் எடுத்த நான்கும் போய், வேறு நான்கு வந்திருக்கின்றன. செய்யவேண்டியதும் தெரியும். சுண்ணத்தை அழித்துவிட்டு, இப்படி மாற்றிவைத்த இடத்தில் நான்கு போதாது என்பதால், பெட்டிகளின் அடியிலிருந்து புதிதாகப் பன்னிரண்டை எடுத்து, அளந்து, ஏற்ற வேண்டும். அதற்கு ஐந்து மணித்தியாலம் காணாது, மிச்சம் திங்கட்கிழமைக்குப் போகும். திங்கட்கிழமை என்றால் சனிக்கிழமை மண்டப வாசலில் சாந்தி தனியாக நிற்பாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு, "தொடங்கலாம்" என்றேன்.

நான்கும் தேறின. வாய் இம்மியும் விரியவில்லை, கறுப்பு மயிர் ஒன்றும் தெரியவில்லை. நல்ல கொக்கிகள்தானே. பிறகு அறுபதிலும் முத்திரை அடித்தேன். தாவோதான் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துத் தந்தார், ஒரு சொல் பேசவில்லை. அது நன்றி என்று நான் எடுத்துக்கொண்டேன். காட்டிக்கொடுத்தால் பழி இவர் தலையில்தான் விழும், மனேஜர் தப்பிவிடுவான், பாவம், இந்த மனுசியின் வேலையைக் காப்பாற்றினேன் என்று விமானம் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஹீத்ரோவில் இறங்கும்போது அதைக் கிட்டத்தட்ட நம்பியும்விட்டேன்.

நிரோஷன், போனில் பார்ப்பது சரியா பிழையா என்று என்னைக் கேட்காதே. நான் இரண்டடி தூரத்தில் நின்று பார்த்தவன்.

அரங்கேற்றம் சிறப்பாக நடந்தது. நான் பட்டுவேட்டியோடு வாசலில் நின்றேன். பிரதம விருந்தினர் மேடையில், "மகளுக்காகச் சீனாவிலிருந்து பறந்து வந்த அப்பா" என்றார், சபை கைதட்டியது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அபி சலங்கையைக் கழற்றாமலே இருந்து அழுதாள். "தில்லானால ஒரு இடம் மிஸ் பண்ணிட்டேன் அப்பா. ஒருத்தரும் காணேல்ல. எல்லாரும் க்ளாப் பண்ணினாங்க. தே ஷுட்ன்ட் ஹாவ்." நான் அவளுடைய தலையைத் தடவிவிட்டு எழுந்து, தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

திங்கட்கிழமை பெல்லமி அடிமட்டத்தை இறக்கிக்கொண்டே வந்தார். பேனாவை எடுத்தார்.

"பார்த்தீர்களா, காட்டினார்களா?"

"பார்த்தேன்."

மூடியைக் கழற்றிக் கையெழுத்து வைத்தார். வழக்கத்தில் அதற்குமேல் பேசமாட்டார். அன்றைக்கு மட்டும், "மகள் நன்றாக ஆடினாளா?" என்று கேட்டார். அடுத்த வருடம் ஓய்வெடுத்து, அதற்கடுத்த வருடம் இறந்துபோனார். செத்தவீட்டுக்குப் போனேன். அங்கேயும் சொல்லவில்லை.

கொக்கிகள் லண்டனுக்கு வந்து இரண்டு வருடத்துக்குள், கிழக்கு லண்டனில் ஒரு கட்டட வேலையிடத்தில், கண்ணாடிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்த கொக்கி வாய் விரிந்து கட்டு விழுந்தது. அந்தப் பாரத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டவர் மைக்கேல், கானா நாட்டவர், வால்தம்ஸ்டோவில் குடும்பத்தோடு இருந்தவர். அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. கொக்கியில் இருந்த முத்திரை இருபத்தேழு.

விசாரணைக்குச் சான்றிதழை விளக்க என்னை அழைத்தார்கள். இலக்கம் சரி, தாள்கள் சரி, கையெழுத்து சரி. கொக்கி இப்படி விரிவதற்கு இன்னொரு வழியும் உண்டு. பாரத்தைக் கொக்கியின் அடிவளைவில் மாட்டாமல் நுனியில் மாட்டினால் நல்ல கொக்கியும் விரியும். கொக்கியில் குறையில்லை, சான்றிதழ் இருக்கிறது, ஆகவே மைக்கேல்தான் நுனியில் மாட்டியிருக்க வேண்டும் என்று முடிந்தது.

இடைவேளையில் தாழ்வாரத்தில் ஊன்றுகோல்களோடு அவர் என்னிடம் வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்துச் சுவரோரம் ஒதுங்கினேன். கோபம் இல்லை.

"கொக்கியைச் சோதித்தவர் நீங்கள்தானே, சேர்? தூக்குவதற்கு முதல் நான் முத்திரையை விரலால் தொட்டுப் பார்ப்பேன். அன்றைக்கும் தொட்டேன். நடுவில் மாட்டினதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் கொக்கி நல்லதென்றால், நான்தான் பிழை விட்டிருக்கிறேன். கொக்கி நல்லதுதானே?"

"ஓம், நல்லது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மீதி ஐம்பத்தொன்பதும் ஆளுக்கு இரண்டு மூன்றாக எங்கெங்கோ விற்றுப்போயிருந்தன. லண்டனில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் ஒரு கிரேன் தெரியும். நான் வீதியில் அண்ணாந்து பார்த்தபடி நடக்கத் தொடங்கினேன். ஒருமுறை ஸ்ட்ரெதத்தில் விளக்குக் கம்பத்தில் முட்டி நெற்றி வெடித்தது. சாந்தி, "அப்பிடி என்னதான் வானத்தில பாக்கிறியள்?" என்று கேட்டாள். அவளுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அபியின் காதுக்குப் போகும், அரங்கேற்றத்துக்காக என்று அவளுக்கு விளங்கிவிடும்.

ஓய்வெடுத்தபின் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். தாவோ ஒவ்வொரு சீனப் புதுவருடத்துக்கும் அலுவலக மின்னஞ்சலுக்கு ஒரு வாழ்த்து அனுப்புவார், நான் பதில் எழுதியதே இல்லை. இந்த வருடம் வந்ததை நிரோஷன் எனக்குத் திருப்பி அனுப்பினான். ஒரு கிழமை அதைத் திறந்து திறந்து மூடினேன். பிறகு, வந்து உங்களைச் சந்திக்கலாமா என்று எழுதினேன். நடந்ததை அவர் கையால் எழுதித் தந்தால், மைக்கேலின் பெயரில் விழுந்த பழியை எடுக்கலாம் என்பது என் எண்ணம்.

சாந்தி தலையில் கையை வைத்தாள். "கொரோனா வந்த ஊருக்கோ? உங்களுக்கு என்ன விசரே?" போய்விட்டுத்தான் வந்தேன்.

தொழிற்சாலை இல்லை. அந்த இடத்தில் முப்பது மாடிக் குடியிருப்புகள் நின்றன, அவற்றுக்குப் பின்னால் இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். தாவோ ஆற்றங்கரைப் பூங்காவுக்கு வரச் சொல்லியிருந்தார். அங்கே ஓய்வெடுத்தவர்கள் காலையில் கூடி, கூட்டுகிற தும்புத்தடி நீளத்தில் பஞ்சு கட்டிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து, கல் பதித்த தரையில் எழுத்து எழுதுவார்கள். நன்றாக எழுதினால் சுற்றி நிற்பவர்கள் தலையாட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், திரும்ப எழுதுவார்கள். தாவோவின் தலைமயிர் வெள்ளையாகியிருந்தது, கையில் அந்தத் தூரிகை இருந்தது.

வணக்கம் சொல்லி முடிய முன்னமே நான் வந்த காரியத்தைக் கொட்டிவிட்டேன். கொக்கி, மைக்கேல், கால், எல்லாம். கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு வாளியில் தூரிகையைத் தோய்த்து, தரையில் பெரிதாக ஒரு ஞ எழுதினார். அன்றைக்குப் பார்த்த அதே அழகான ஞ. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று எழுதினார். சுழி நசுங்கி, வால் இழுபட்டு, அச்சொட்டாக என்னுடையது. என் கையால் எழுதினால்கூட அவ்வளவு சரியாக வராது.

"எனக்கு இதுவும் வரும்," என்றார். "அன்றைக்கும் வரும். புதன்கிழமை பின்னேரம் எதிர்பாராமல் ஒரு மணித்தியாலம் மின்சாரம் வந்தது. நீங்கள் தெரிவு செய்த நான்கையும் மனேஜர் தானே ஏற்றிப் பார்த்தார். இரண்டு விரிந்துவிட்டன. வேறு நான்கில் எழுதச் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் அழகாக எழுதினேன். பார்த்ததும் நீங்கள் நிறுத்திவிடுவீர்கள் என்று நினைத்தேன். வேலை போய்விடும் என்று தெரியும். என் தேநீர்க் கோப்பையையும் செருப்பையும் அன்று பின்னேரமே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்."

 பக்கத்தில் இருந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்," என்றார். "அதற்குப் பிறகு பதினொரு வருடம் அங்கே வேலை செய்தேன். ஒன்றே ஒன்றை உங்களிடம் கேட்க வேண்டுமென்றுதான் ஒவ்வொரு வருடமும் எழுதினேன், கடிதத்தில் கேட்க முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் அதைக் கண்டீர்களா?"

இதே கேள்விக்கு வாழ்நாளெல்லாம் பதில் சொன்னவன் நான். "கண்டேன்" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதல் எழுத்து பாதி காய்ந்திருந்தது.

"நான் எழுதியது உங்கள் கண்ணில் படப் போதவில்லை என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்," என்றார்.

கேட்டதை எழுதித் தந்தார். கொப்பித் தாளில் இரண்டு பக்கம், ஆங்கிலத்தில், கையெழுத்தோடு. படகுத்துறைவரை வந்தார். அங்கே நூடில்ஸ் வாங்கித் தர நான் முயன்றபோது வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

லண்டனுக்கு வந்ததும் அந்தத் தாளையும் என் வாக்குமூலத்தையும் விசாரணை நடத்திய அலுவலகத்துக்கு அனுப்பினேன். கிடைத்தது, பரிசீலிப்போம் என்று இரண்டு வரி வந்தது. அதற்காகக் காத்திருக்க மனம் கேட்கவில்லை. வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். விசாரணைத் தாளில் இருந்த முகவரிதான். பதின்மூன்று வருடமாக எனக்கு அது மனப்பாடம், ஒருநாளும் போனதில்லை.

கதவைத் திறந்தவர் மைக்கேலின் மனைவி கிரேஸ். மைக்கேல் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். நெஞ்சுவலியாம். வாசலிலேயே திரும்பியிருக்கலாம். சொல்ல வந்தது ஒன்று இருக்கிறது என்றேன். கிரேஸ் உள்ளே கூப்பிட்டு, குசினி மேசையில் இருத்தி, தண்ணீர் தந்தார். ஒரு வரி விடாமல் சொன்னேன், அரங்கேற்றம் உட்பட. அவர் அழவில்லை, ஏசவும் இல்லை.

"எங்கள் தேவாலய மண்டபத்தில், கட்டட வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் அவர் வகுப்பு எடுப்பார்," என்றார். "பொய்க்காலைத் தட்டிக் காட்டி, இது என் பிழை, நான் நுனியில் மாட்டினேன், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்பார். நுனியில் மாட்டினதாக அவருக்கு ஞாபகமே கிடையாது. படுக்கையில்கூடக் கையை அப்படியும் இப்படியும் பிடித்து யோசிப்பார். கடைசியில், முத்திரை இருந்ததே கிரேஸ், அப்படியென்றால் நான்தானே என்பார்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி மறித்தார்.

"இதை எனக்குச் சொல்ல வேண்டாம்."

எழுந்து முன்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுவரில் மைக்கேலின் படம் இருந்தது. சாம்பல் நிறக் கோட்டு, கழுத்துப்பட்டி, தாழ்வாரத்தில் என்னிடம் கேட்டபோது இருந்த அதே முகம். கிரேஸ் எனக்குப் பின்னால் கதவடியில் நின்றார்.

"கொக்கி நல்லதில்லை, மைக்கேல்," என்றேன். "நீங்கள் நடுவில்தான் மாட்டினீர்கள்." குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சத்தமாகச் சொல்லுங்கள்," என்றார் கிரேஸ். "அவருக்கு இடது காது கேட்காது."

நான் திரும்பவும் சொன்னேன்.